முதல் கரண்டி

பேருந்து நிலையத்தின் பின்மதிலை ஒட்டி ஒரு சந்து. பகலில் அந்தப் பக்கம் போனால் ஒன்றுமே இருக்காது. தார்ப்பாய் போர்த்திய தள்ளுவண்டிகள், முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிறவர்களைப் போல மதிலோரம் வரிசையாக நிற்கும். வெயில் தணிந்ததும் தார்ப்பாய்கள் ஒவ்வொன்றாக விலகும். அடுப்பு பற்றும், எண்ணெய் காயும், வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்கும். அதற்கப்புறம் அந்தச் சந்தைத் தாண்டிப் போவது லேசான காரியம் இல்லை. ஒரு வண்டியில் கம்பியில் குத்திய கோழி நெருப்பின் மேல் கொழுப்பைச் சொட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வண்டியில் நூடுல்ஸ் அகலச் சட்டியிலிருந்து துள்ளி எழுந்து மறுபடி சட்டிக்குள்ளேயே விழும். கரியில் வாட்டிய சோளம், மசாலா தடவிப் பொரித்த மீன், மிளகாய்த்தூள் தூவிய பழத்துண்டு என்று ஒவ்வொன்றும் ஆளைக் கையைப் பிடித்து இழுக்கும். பேருந்தைத் தவறவிட்டதால் அங்கே வந்து சாப்பிடுகிறவர்களைவிட, அங்கே சாப்பிட வந்து பேருந்தைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம்.

சந்தின் நடுவில், விளக்குக் கம்பத்துக்குக் கீழே சூப்பு வண்டி நின்றது. அதை வைத்திருந்தவருக்கு அறுபதை நெருங்கும் வயது. ஒல்லியான ஆள், கேட்டால்தான் பேசுவார். சந்தில் அவருக்கு 'நாக்கு' என்று பேர். வயதில் சின்னவர்கள் 'நாக்கு அண்ணன்' என்பார்கள்.

அந்தப் பேர் வந்ததற்குச் சந்தின் ஒரு வழக்கம்தான் காரணம். அங்கே யாரும் தான் சமைத்ததைத் தானே ருசி பார்த்துவிட்டுக் கடை திறக்க மாட்டார்கள். காலையிலிருந்து மசாலா அரைத்து, புகையிலும் ஆவியிலும் நின்ற ஆளுக்குத் தன் உப்பு தனக்குத் தெரியாது. அது அவர்கள் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் விளக்குப் போடுவதற்கு முன்னால் முதல் கரண்டியோ முதல் துண்டோ அடுத்தவர் வாய்க்குப் போக வேண்டும். அவர் 'சரி' என்ற பிறகுதான் வாடிக்கையாளருக்கு. யாரிடமும் காட்டாமல் கடை திறந்தது தெரிந்தால், அந்த வண்டி சந்தின் கடைசிக்குப் போய்விட வேண்டும். கடைசியில் இருப்பது பொதுக் கழிவறை. அங்கே நின்று யார் சாப்பிடுவார்கள்?

முதலில் ஆளாளுக்கு யாரிடம் வேண்டுமானாலும் காட்டினார்கள். பிறகு, எப்போது என்று சொல்ல முடியாது, எல்லோரும் சூப்புக்காரரிடமே வர ஆரம்பித்தார்கள். ஒருமுறை நூடுல்ஸ்காரன் நீட்டிய கரண்டியை வாயில் வைத்துவிட்டு, "எண்ணெய் டப்பாவை வெயில்ல வச்சிருந்தியா?" என்று அவர் கேட்டார். அவன் வாயைப் பிளந்தான். இன்னொருமுறை, சோளக்காரப் பெரியவரிடம், "உங்க எலுமிச்சம்பழத்தை நேத்தே அறுத்துட்டீங்க" என்றார். பெரியவருக்கு அன்றிலிருந்து லேசான வயிற்றெரிச்சல். "எனக்கும் வாயில நாக்குதான் இருக்கு, செருப்பு இல்ல" என்று முணுமுணுப்பார். ஆனாலும் அவரே முதல் ஆளாகச் சோளத்தை எடுத்துக்கொண்டு வருவார்.

சூப்புக்காரருடைய சூப்பை மட்டும் மீன்கார அக்கா ருசி பார்ப்பாள். அவளுடைய வண்டி அவருக்கு இடது பக்கம். கணவன் இறந்து, ஒற்றை ஆளாக மீன் பொரித்து மகனைப் படிக்கவைத்தவள். வாய் நீளம். "அண்ணே, இது சூப்பா, பாத்திரம் கழுவுன தண்ணியா?" என்பாள். அவரும் விடமாட்டார். "உனக்கு உப்புல ஊறுன நாக்கு. உனக்குக் கடல் தண்ணியே சப்புன்னுதான் இருக்கும்" என்பார். கடைசியில் ஒரு சிட்டிகை போடுவார். அந்தச் சிட்டிகைக்காக ஒரு சண்டை. அதுதான் சந்தின் மாலை நேரத்துத் தொடக்கம்.

சந்தைத் தவிர அவருக்கு வேறு எதுவும் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். மனைவி இருந்தாள், மகள் இருந்தாள், பேரப்பிள்ளை இருந்தான். எல்லோரும் வேறொரு ஊரில் இருந்தார்கள். குழந்தை பிறந்தபோது, தலை நிற்கிற வரைக்கும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனைவி போனாள். குழந்தைக்குத் தலை நின்றது, பல் முளைத்தது, இப்போது ஓடுகிறான், கதவைத் திறந்துகொண்டு வெளியேயும் போகிறான். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பாட்டி இல்லாமல் அந்த வீடு ஓடாது. அவரையும் வரச்சொன்னார்கள். ஒருமுறை போனார். நாள் முழுக்க சோபாவின் ஓரத்தில், எழுந்தால் யாருக்காவது இடைஞ்சலாக இருக்குமோ என்று கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் அவரைச் சமையலறைக்குள் விடவில்லை. "சும்மா இருங்கப்பா, ரெஸ்ட் எடுங்க" என்றாள். ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. திரும்பி வந்துவிட்டார்.

அவருடைய அறை ஒரு டயர் கடைக்கு மேல். கீழே காற்றடிக்கும் மிஷின் ஓடும்போது கட்டில் லேசாக நடுங்கும். சுவரில் மனைவியின் குடை ஒன்று ஆணியில் தொங்கியது. அவள் மறந்துவிட்டுப் போனது. மதியம் எலும்பை அடுப்பில் ஏற்றிவிட்டு அவர் உட்கார்ந்திருக்கும்போது போன் வரும்.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க?"

அதற்குமேல் பேச்சு நகர்வதற்குள் பேரன் எதையாவது கவிழ்ப்பான். "இருங்க, அப்புறம் கூப்பிடறேன்" என்பாள். அந்த அப்புறம் மறுநாள் மதியம்தான்.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சைக் கட்டியது. படுத்துக் கிடந்தார், எழுந்தார். எழுந்த அன்று காலையில் டீயை வாயில் வைத்தபோது அது வெறும் சூடாக இருந்தது. சர்க்கரை போட மறந்துவிட்டோம் என்று நினைத்து அள்ளிப் போட்டார். சூடு ஆறியதே தவிர வேறொன்றும் மாறவில்லை. உப்பு டப்பாவைத் திறந்து ஒரு கல்லை நாக்கில் வைத்தார். கல்லாகவே இருந்தது, பிறகு கரைந்து இல்லாமல் போனது. குனிந்து மசாலாப் பையை முகர்ந்தார். காற்றுதான் உள்ளே போனது.

டாக்டர் நல்ல மனிதர். நாக்கை நீட்டச்சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். "சளியில இப்படி ஆகறது உண்டு. சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. பொறுத்துப் பாருங்க" என்றார். 'என்ன தொழில் பண்றீங்க' என்று கேட்பார் என்று இவர் பயந்தபடியே உட்கார்ந்திருந்தார். கேட்கவில்லை.

அன்று மாலை சந்துக்குப் போகும்போது, சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனார். தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே நூடுல்ஸ்காரன் நிற்கிறான்.

"பெரியப்பா, நீங்க இல்லாம நாங்க அனாதை ஆயிட்டோம். இந்தச் சோளக்காரர் ரெண்டு நாளா நாட்டாமை பண்றாரு. எதைக் குடுத்தாலும் 'இன்னும் எலுமிச்சை'ங்கிறாரு. நூடுல்ஸுக்கும் எலுமிச்சை, கோழிக்கும் எலுமிச்சை!"

பின்னால் கோழிக்காரர், பழக்கார அம்மா, சோளக்காரப் பெரியவர் என எல்லோரும் ஆளுக்கொரு கரண்டியும் தட்டுமாக நின்றார்கள். எல்லோர் கண்ணும் அவர் முகத்தின் மேல் இருந்தது. பகலில் டாக்டரையும் போனையும் டயர் கடை மிஷினையும் தவிர எதுவும் அவரிடம் பேசியிருக்கவில்லை. கரண்டியை வாங்கினார். வாயில் வைத்தார். ஏதோ வழுக்கிக்கொண்டு போனது.

"சரி" என்றார்.

ஒரு தடவை சொன்னதை மறுநாள் மாற்றுவது கஷ்டம். அதற்கு மறுநாள் இன்னும் கஷ்டம். சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. யாரும் திட்ட மாட்டார்கள். "ஐயோ பாவம்" என்பார்கள். அப்புறம் கரண்டிகள் வேறொரு வண்டிக்குப் போகும். விளக்குப் போடுவதற்கு முந்தைய அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு எதிரே ஒருவரும் நிற்க மாட்டார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவர் காலையில் எழுந்து எலும்பை அடுப்பில் வைத்தார்.

அதனால் நடித்தார். நிறத்தைப் பார்த்தார். கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்த்தார். தயங்கி நீட்டினால் ஏதோ தப்பு என்று எடுத்துக்கொண்டார். தினமும் 'சரி' என்றால் சந்தேகம் வருமே என்று நடுநடுவே ஒரு குறையும் சொன்னார். ஒருநாள் சோளக்காரப் பெரியவரிடம், "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். பெரியவர் சோளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் இன்னும் உப்பே தடவலயேப்பா" என்றார். நூடுல்ஸ்காரன்தான் காப்பாற்றினான். "பெரியவரே, உங்க கை உப்பு அது. கையைக் கழுவுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் நிஜமாகவே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

சூப்பில் சிக்கல் இல்லை. கைப்பழக்கத்தில் போட்டார். மீன்கார அக்கா குறை சொன்னால் உடனே சரிசெய்தார். சண்டை போடுவதை மட்டும் விட்டுவிட்டார்.

வாரத்தில் ஒருநாள் சந்தைக் கழுவிவிடுவார்கள். அன்று எல்லோருக்கும் விடுமுறை. முன்பெல்லாம் அந்த நாளில் தூங்குவார். இப்போது சட்டையை மாற்றிக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியாத பகுதிக்குப் பேருந்து ஏறினார். நகரத்தில் தெருவோரத்தில் விற்கிற அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தின்று பார்ப்பது என்று தீர்மானித்திருந்தார். ஏதாவது ஒன்று உள்ளே எட்டும். புளிப்போ கசப்போ, ஏதோ ஒன்று கதவைத் தட்டினால் போதும், மற்றவை பின்னாலேயே வந்துவிடும் என்று நம்பினார்.

மீன் சந்தைப் பக்கம் சிப்பியைத் திறந்து பச்சையாகக் கொடுத்தார்கள். குளிர்ந்து வழுக்கியது. ரயில் நிலைய வாசலில் எள் தூவிய ரொட்டி. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. ஒரு பள்ளிக்கூட வாசலில் ஐஸைச் சீவி, சிவப்புச் சாறு ஊற்றிக் கொடுத்தார்கள். பல் கூசியது. சிவப்பு என்பது கண்ணோடு நின்றுவிட்டது. துணிக்கடைத் தெருவில் ஆவியில் வெந்த மாவு உருண்டைகள் காதுமடல் மாதிரி மெத்தென்று இருந்தன. மரத்தடியில் ஒரு அம்மாள் சாம்பலில் கிழங்கு சுட்டாள். தோலை உரிக்கும்போது ஆவி முகத்தில் பட்டது. அது சுகமாக இருந்தது. வினிகரில் ஊறிய வெள்ளரியைக் கடித்தபோது நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

காரத்தின் மேல் கடைசி நம்பிக்கை வைத்தார். கம்பியில் குத்திய இறைச்சியை மிளகாயில் புரட்டி விற்கிறவனிடம், "இன்னும் போடு" என்றார். போட்டான். "இன்னும்."

"அண்ணே, கண்ணுல தண்ணி கொட்டுது உங்களுக்கு."

"பரவால்ல, போடு."

"வீட்ல ஏதும் சண்டையாண்ணே?"

"வீட்ல யாரு இருக்கா, சண்டை போட?"

விற்கிறவன் மிளகாய் டப்பாவை மூடிப் பின்னால் ஒளித்துக்கொண்டான். ஒரு தம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வைத்தான். வாய் எரிந்தது. எரிவது வேறு, ருசி வேறு என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் மதியம் போனில் மனைவி கேட்டாள். "என்ன சாப்பிட்டீங்க?"

"சுட்ட கிழங்கு."

"நல்லா இருந்துச்சா?"

"நல்ல இனிப்பு" என்றார். பேரன் அழுதான். அவள் வைத்துவிட்டாள்.

அப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மீன்கார அக்காவின் அந்த நாள் வந்தது. மகனுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மகன் ஆபீஸ் வேலைக்காரன். அம்மா வண்டியில் நின்று மீன் பொரிப்பதை அவன் மாமனார் வீட்டில் இழுத்து இழுத்துத்தான் சொல்லியிருந்தான். வண்டியை விட்டுவிட்டு வீட்டோடு வந்து இரு என்று நச்சரித்துக்கொண்டும் இருந்தான். இவள் மசியவில்லை. "அவங்களைக் கூட்டிட்டு வாடா. என் கை மீனைத் தின்னு பாக்கட்டும். அப்புறமும் விடச் சொன்னாங்கன்னா விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டாள். சம்பந்தி வீட்டார் அன்று மாலை வருவதாக இருந்தது.

அவள் தலைகால் புரியாமல் நின்றாள். சேலை புதுசு. எண்ணெய் தெறிக்குமே என்று அதன் மேல் ஒரு பழைய சட்டையை மாட்டியிருந்தாள். மீனுக்கு உப்புப் போட்டுப் புரட்டும்போது மகன் போன் வந்தது. பேசிவிட்டு வந்து, போட்டோமா இல்லையா என்ற ஞாபகமே இல்லாமல், மசாலாவோடு இன்னொரு கை உப்பைப் போட்டுவிட்டாள். முதல் துண்டைப் பொரித்து ஒரு காகிதத்தில் வைத்துச் சூப்புக்காரரிடம் ஓடிவந்தாள்.

"அண்ணே, நல்லா மென்னு பாருங்க. இன்னிக்கு மட்டும் பொய் சொல்லாதீங்க. எனக்குக் கையே ஓடல."

அவர் வாங்கிக் கடித்தார். மேல்தோல் நொறுங்கியது. உள்ளே சதை இதழ் இதழாகப் பிரிந்தது. பதம் அருமையாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். பயம் இருந்தது. ஆனால் அது சம்பந்திகளைப் பற்றிய பயம் என்று எடுத்துக்கொண்டார். மென்று விழுங்கினார்.

"பிரமாதம்மா. சரி" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஓடினாள்.

வந்தவர்கள் முதல் துண்டை வாயில் வைத்தார்கள். சம்பந்தியம்மாள் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். சம்பந்தி தண்ணீர் கேட்டார், மறுபடியும் கேட்டார். மருமகள் தரையைப் பார்த்தாள். மகன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுத் துப்பினான். "இதைத்தான் ஊருக்கே வித்துக்கிட்டு இருக்கியா? உப்பு கூடத் தெரியலயா உனக்கு? வயசாயிடுச்சும்மா, ஒத்துக்கோ" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் சந்து முழுக்க அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அவர்கள் போன பிறகு அவள் ஒரு விள்ளலை எடுத்து வாயில் வைத்தாள். வைத்த கையோடு திரும்பி, சூப்பு வண்டியைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினாள்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் கூடினார்கள். சோளக்காரப் பெரியவர்தான் கேட்டார். "ஏம்மா, நேத்து மீனை நாக்குகிட்டக் காட்டினியா இல்லையா?"

சூப்புக்காரர் பார்த்துச் 'சரி' என்றிருந்தால் பழி அவர் மேல். காட்டாமல் திறந்திருந்தால் பழி அவள் மேல். அதுதான் முறை. சூப்புக்காரர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"காட்டல பெரியவரே. அவங்க வர்ற அவசரம். நானே திறந்துட்டேன்" என்றாள் அவள். அவரைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"அப்படின்னா முறை தெரியும்ல?"

"தெரியும். நாளைக்கு வண்டியைக் கடைசிக்குக் கொண்டு போறேன்."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு எல்லோரும் வழக்கம்போலக் கரண்டிகளோடு அவரிடம் வந்தார்கள். ஒவ்வொன்றாக வாங்கி, ஒவ்வொன்றுக்கும் 'சரி' என்றார். அவள் மட்டும் சூப்பை ருசி பார்க்க வரவில்லை.

அறைக்குப் போய்ப் படுத்தும் தூக்கம் வரவில்லை. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சொல்லாமல் இருந்துவிட்டால் எல்லாம் அப்படியே இருக்கும். கரண்டிகள் வரும், பேர் இருக்கும். இடது பக்கம் மட்டும் காலியாக இருக்கும். அவள் கழிவறைப் பக்கம் நின்று ஈ ஓட்டுவாள். கொஞ்ச நாளில் மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான். அவளும் யார் வீட்டுச் சோபாவிலோ கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 'சும்மா இருங்க' என்பார்கள். அந்த நினைப்புதான் அவரை எழுப்பி உட்காரவைத்தது.

அடுத்த நாள் அவர் சந்துக்குப் போனபோது அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சாக்கடை மூடியின் விளிம்பில் சக்கரம் மாட்டி வண்டி நின்றிருந்தது. நூடுல்ஸ்காரன் பின்னால் கைகொடுத்துத் தள்ளினான். சூப்புக்காரர் போய் வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இழுங்க பெரியப்பா" என்றான் நூடுல்ஸ்காரன்.

"இழுக்க வரல. நிறுத்த வந்தேன்."

"அண்ணே, வழியை விடுங்க" என்றாள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"இவ எங்கிட்டக் காட்டினா. நான்தான் சரின்னு சொன்னேன்." அவருக்குச் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை. "எனக்கு ருசி தெரியல. காய்ச்சல் வந்ததுலேருந்து ஒண்ணும் தெரியல. உப்பு, புளிப்பு, எதுவும் இல்ல. இத்தனை நாளா உங்க எல்லார்கிட்டயும் சும்மாதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

நூடுல்ஸ்காரன் சிரித்தான். "பெரியப்பா, அக்காவைக் காப்பாத்த நல்லாத்தான் கதை விடுறீங்க."

சோளக்காரப் பெரியவர் சிரிக்கவில்லை. சூப்பு வண்டிக்குப் போய் ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, டப்பாவிலிருந்து ஒரு கை உப்பை அள்ளி அதில் போட்டுக் கலக்கி எடுத்து வந்தார். "குடி" என்றார்.

சூப்புக்காரர் நின்றபடியே குடித்தார். ஒரு முகச்சுளிப்பு இல்லை. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் பெரியவர்.

"சூடா இருக்கு."

பழக்கார அம்மா "அடக் கடவுளே" என்றாள். அவர் எதிர்பார்த்தபடியே 'ஐயோ பாவம்' என்றும் ஒருவர் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வந்து வண்டியைத் திருப்பினார்கள். மீன் வண்டி பழைய இடத்துக்கே போனது. நூடுல்ஸ்காரன், அக்காவின் மகனிடம் தானே போன் பண்ணிச் சொல்வதாகச் சொன்னான். "உப்பை ரெண்டு தடவை போடாத ஆளு இந்தச் சந்துல யாரு? அதுக்குத்தானே இந்த வழக்கமே. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். சம்பந்திகளை மறுபடியும் கூட்டிவருவது அவன் பொறுப்பு என்று ஆனது.

எல்லோரும் கலைந்த பிறகு அவள் அவர் வண்டிக்கு வந்தாள். கோபமாக இருந்தாள்.

"யாரு உங்களைச் சொல்லச் சொன்னது?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அந்தத் துண்டை நான் வாயில வச்சதும் தெரிஞ்சிடுச்சு. அவ்வளவு உப்பை எந்த மனுஷனும் முகம் மாறாம முழுங்க முடியாது. நீங்க நல்லா மென்னு முழுங்கினீங்க. கொஞ்ச நாளா என்கூடச் சண்டையும் போடல. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்." மூக்கை உறிஞ்சினாள். "நான் கடைசியில போய் நின்னா எப்படியோ நாலு பேர் வருவாங்க. உங்ககிட்ட இனிமே யாரு வருவா?"

அவர் சூப்பைக் கிளறினார். மீன் வண்டியில் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. அவள் போய்விட்டாள்.

மறுநாள் மாலையில் கரண்டிகள் சோளக்காரப் பெரியவரிடம் போயின. யாரும் சூப்புக்காரரை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. அவர் வண்டியைத் தாண்டிப் போகும்போது ஒரு தடவை தலையசைத்துவிட்டுத்தான் போனார்கள். கோழிக்காரர் பழக்க தோஷத்தில் தட்டோடு அவர் எதிரே வந்து நின்றார். ஞாபகம் வந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல், "அது வந்து, நீங்க சாப்பிடுங்க" என்று தட்டை வைத்துவிட்டு ஓடினார். தூரத்தில் பெரியவரின் குரல் கேட்டது. "இன்னும் எலுமிச்சை." நூடுல்ஸ்காரன் தலையில் அடித்துக்கொள்வதும் மற்றவர்கள் சிரிப்பதும் தெரிந்தது. அந்தச் சிரிப்பு விளக்குக் கம்பம் வரைக்கும் வந்தது, அதற்கு இந்தப் பக்கம் வரவில்லை.

அவருக்கு இப்போது யாரும் 'நாக்கு' என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று பார்த்துப் பார்த்து, 'சூப்பு அண்ணன்' என்றார்கள். அந்த ஜாக்கிரதைதான் அவரை அதிகம் உறுத்தியது.

மீன்கார அக்கா மட்டும் எப்போதும்போலக் கிண்ணத்தை நீட்டினாள். குடித்தாள். "உப்பு போடுங்க. இன்னும். போதும்." சண்டைக்கு இடம் இல்லாததால் அது சீக்கிரம் முடிந்தது. அவளுக்கும் வேலை இருந்தது. சம்பந்திகள் மறுபடி வந்து சாப்பிட்டு, இரண்டாவது தட்டும் கேட்டதிலிருந்து அவள் வண்டியில் மகனின் ஆபீஸ் ஆட்களும் வந்து நின்றார்கள். மகன் இப்போது வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை.

மதியம் போன் வந்தது.

"ஏங்க, சாப்பிட்டீங்களா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

அவர் சொல்ல வாயெடுத்தார். சந்து முழுக்கச் சொன்னவருக்கு இவளிடம் சொல்வதா கஷ்டம்? "எனக்குக் கொஞ்ச நாளா..." என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது. "ஐயோ, இருங்க, இவன் கண்ணாடியை..." என்றாள். அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கீழே காற்றடிக்கும் மிஷின் ஓடியது. குடை ஆணியில் லேசாக ஆடியது.

சந்தைக் கழுவும் நாள் வந்தது. போவதா வேண்டாமா என்று யோசித்தார். போனார். இந்தமுறை ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் தெரிந்தது. ஒருவர் பெரிய தோசைக்கல் மாதிரியான இரும்புத் தகட்டில் முட்டையை உடைத்து, வெங்காயமும் தக்காளியும் ஏதோ ஒரு மஞ்சள் சாறும் சேர்த்துக் கிளறி, ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் ஒன்று வாங்கினார். சாப்பிடுகிறவர்கள் சாய்ந்துகொள்ள ஒரு பலகை அடித்திருந்தது. பக்கத்தில் தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒரு ஆள், தனியாகத்தான் வந்திருந்தான், தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருந்தான்.

அவர் ஒரு கடி கடித்தார். ரொட்டி மொறுமொறுத்தது. முட்டை மெத்தென்று வந்தது. தக்காளியின் தோல் பல்லில் மாட்டியது. அதோடு அது முடிந்துவிட்டது.

"தம்பி" என்றார்.

அந்த ஆள் நிமிர்ந்தான்.

"இது எப்படி இருக்கு?"

"எது? இதா? நல்லாருக்கே." அவன் அவர் கையிலிருந்ததைப் பார்த்தான். "நீங்களும் அதைத்தானே சாப்பிடறீங்க?"

"ஆமா. நல்லாருக்குன்னா எப்படி? உப்பா, புளிப்பா? முதல்ல என்ன வருது?"

அந்த ஆள் அவரை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு இன்னொரு கடி கடித்து, கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டு மெதுவாக மென்றான். யாரும் அவனிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை என்று தெரிந்தது.

"முதல்ல உப்பு" என்றான். "அப்புறம் வெங்காயம் கொஞ்சம் இனிக்குது. கடைசியா ஒரு புளிப்பு. லேசாத்தான். அந்த மஞ்சத் தண்ணிதான்னு நினைக்கிறேன்."

அவரும் அவனோடு சேர்ந்து மென்றார். அவன் உப்பு என்றபோது ஒரு தடவை, இனிப்பு என்றபோது ஒரு தடவை, புளிப்பு என்றபோது ஒரு தடவை. ஒன்றும் வரவில்லை. ஆனாலும் விழுங்கவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு, "கடைசியில இன்னும் ஏதாவது இருக்கா, பாருங்க" என்றார்.